வழுவும் வழுவமைதியும்: ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொலைக்காட்சித் தொடரும் ரசிகர் திறனாய்வின் வரலாறும் (1993–2018)

ஆய்வுச்சுருக்கம்

துப்பறியும் கதை காரண காரியத் தொடர்பை நம்பி நிற்பது. இயல்புகடந்த நிகழ்வுகளைப் பேசும் கதை அத்தொடர்பை மீறுவது. இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’. இத்தொடரின் கதைப்பின்னல் வழுக்களை ரசிகர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், எந்த அளவுகோலால் மதிப்பிட்டனர், ஆக்கியோர் அதற்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றினர் என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இயல்புகடந்த கதையில் ‘இது நடக்குமா’ என்னும் வினா பயனற்றுப்போக, ‘முன்பு சொன்ன சொல் காக்கப்பட்டதா’ என்னும் வினாவே ரசிகர்களின் அளவுகோலாயிற்று என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கதைப்பின்னல் வழு, வழுவமைதி, ரசிகர் திறனாய்வு, இயல்புகடந்த கதை, தொலைக்காட்சித் தொடர், பின்னோக்கித் திருத்தல்

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபு வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளைக் காண்கிறது. இலக்கணப்படி அமைவது வழாநிலை, பிறழ்வது வழு, பிறழ்ந்தும் உரிய காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. சொற்றொடருக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, கதைகள் பற்றிய தற்கால வழக்கம் ஒன்றை விளங்கிக்கொள்ளவும் துணைபுரிகிறது. தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் கதையில் நேர்ந்த முரண்களைத் தேடித் தொகுக்கின்றனர். அவற்றுள் சிலவற்றைப் பிழை என ஒதுக்குகின்றனர். வேறு சிலவற்றுக்குக் கதையுலகுக்குள்ளேயே காரணம் கண்டு அமைதி கூறுகின்றனர். முன்னது வழு காணல். பின்னது வழுவமைதி காணல்.

இவ்வழக்கத்தின் வரலாற்றை அறிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ ஏற்ற சான்றாகும். கிறிஸ் கார்ட்டர் உருவாக்கிய இத்தொடர் 1993 செப்டம்பர் 10 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2002 மே 19 வரை ஒன்பது பருவங்களாக 202 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. 1998, 2008 ஆகிய ஆண்டுகளில் இரு திரைப்படங்கள் வெளிவந்தன. 2016இல் ஆறு அத்தியாயங்களும் 2018இல் பத்து அத்தியாயங்களும் கூடுதலாக வந்தன. விளக்க இயலாதவை என ஒதுக்கப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இதன் முதன்மைப் பாத்திரங்கள். வேற்றுக்கோள் உயிர்களை நம்பும் ஃபாக்ஸ் மல்டராக டேவிட் டுகோவ்னியும், அறிவியல் வழியில் ஐயுறும் மருத்துவர் டேனா ஸ்கல்லியாக ஜில்லியன் ஆண்டர்சனும் நடித்தனர்.

அரசின் ஆவணங்களை அப்படியே நம்பலாகாது, சான்றோடு சான்றை ஒப்பிட்டுக் காண வேண்டும் என்பதை இத்தொடர் வாரந்தோறும் வலியுறுத்தியது. அப்பாடத்தைக் கற்ற ரசிகர்கள் அதனைத் தொடரின்மீதே செலுத்தினர். அதனால் நேர்ந்தவை எவை என்பதே இவ்வாய்வின் பொருளாகும்.

2. துப்பறியும் கதையும் வழு நாடும் வாசகரும்

கதையின் வழுக்களைத் தேடும் பழக்கம் தொலைக்காட்சிக்கு முற்பட்டது. அதன் தெளிவான தொடக்கம் ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைச் சூழ்ந்து அமைந்தது. ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ (1887) நாவலில் மருத்துவர் வாட்சனுக்குப் போர்க்காயம் தோளில் பட்டது. ‘தி சைன் ஆஃப் தி ஃபோர்’ (1890) நாவலிலோ காயம் காலுக்கு மாறிவிட்டது. ஜான் என்னும் பெயருடைய வாட்சனை மற்றொரு கதையில் அவர் மனைவி ஜேம்ஸ் என அழைக்கிறார்.

இத்தகைய முரண்களை விவிலியத் திறனாய்வாளர்களின் நடையில், நகைச்சுவையை உள்ளடக்கிய போலிக் கண்டிப்புடன் ஆராயும் கட்டுரை ஒன்றை ரொனால்டு நாக்ஸ் 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்தார். அவரைப் பின்பற்றியோர் வழு காண்பதோடு நில்லாது அமைதியும் கூறினர். வாட்சனின் நடுப்பெயரின் முதலெழுத்து ‘ஹெச்’. அது ‘ஹேமிஷ்’ என்பதைக் குறிக்கும் என்றும், ஹேமிஷ் என்பது ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம் என்றும், ஆகவே மனைவி அவ்வாறு அழைத்ததில் வழுவில்லை என்றும் டாரத்தி சேயர்ஸ் விளக்கினார். இவ்வகை விளக்கத்தை ஆங்கில ரசிகர் வழக்கு இன்றும் வாட்சன் பெயரால் குறிக்கிறது. எழுதியவரின் மறதி, கால நெருக்கடி முதலியவற்றைக் காரணமாகக் காட்டும் விளக்கம் டாயில் பெயரால் சுட்டப்படுகிறது. முன்னதைக் கதையுலக விளக்கம் என்றும் பின்னதை ஆக்கவுலக விளக்கம் என்றும் இக்கட்டுரை வழங்கும்.

இதே நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. இயல்புகடந்த ஆற்றல்களுக்குத் துப்பறியும் கதையில் இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதிக்குக் காரணம் உண்டு. புதிரை வாசகரும் விடுவிக்க இயல வேண்டுமாயின், உலகம் அறிந்த விதிகளுக்குக் கதை கட்டுப்பட வேண்டும். பூட்டிய அறைக்குள் கொலை நடந்தது எனக் கூறிவிட்டு, கொலைஞன் சுவரை ஊடுருவிச் செல்ல வல்லவன் என முடிப்பது வாசகரோடு செய்துகொண்ட உடன்பாட்டை மீறுவதாகும்.

‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடங்குவதே அவ்விதியை மீறித்தான். மூன்றாம் அத்தியாயமான ‘ஸ்க்வீஸ்’ கதையில் குறுகலான குழாய் வழியாக உடலை நீட்டி நுழையும் ஒருவனே கொலைஞன். இத்தகைய உலகில் ‘இது நடவாது’ என்று வழு கூற இயலாது. ஆயினும் இத்தொடரின் ரசிகர்கள் வழு கூறியவண்ணமே இருந்தனர். நடக்கக்கூடியதாயினும் நம்பத்தகாததைவிட, நடவாததாயினும் நம்பத்தக்கது கதைக்கு ஏற்றது என அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் கொண்ட கருத்து இம்முரணை விளக்குகிறது. கதை தானே வகுத்துக்கொண்ட விதிக்குக் கதை கட்டுப்படுகிறதா என்பதையே ரசிகர்கள் நோக்கினர்.

3. தொடரின் அமைப்பும் வழுக்களின் தோற்றுவாயும்

இத்தொடரில் இருவகை அத்தியாயங்கள் உண்டு. ஒரு வாரத்தில் தொடங்கி அவ்வாரத்திலேயே முடியும் தனிக்கதைகள் ஒருவகை. வேற்றுக்கோள் உயிர்களோடு அரசினர் சிலர் செய்துகொண்ட மறை உடன்படிக்கையைப் பற்றிய தொடர்கதை மற்றொரு வகை. பின்னதை ரசிகர்களும் ஆக்கியோரும் தொடரின் ‘தொன்மம்’ எனவே வழங்கினர்.

தனிக்கதை அமைப்புக்கு முன்னோடி ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ (1974–75). கார்ட்டர் தம் தூண்டுதலாகக் குறிப்பிட்ட அத்தொடரில் செய்தியாளன் ஒருவன் வாரந்தோறும் ஒரு கொடிய உயிரை எதிர்கொள்கிறான். சான்று ஒவ்வொரு முறையும் அழிகிறது. அவனை ஒருவரும் நம்புவதில்லை. 20 அத்தியாயங்களோடு அது நின்றது. சான்று அழிதல் என்னும் அவ்வுத்திக்கு ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ ஒரு காரணத்தை அமைத்தது. முதல் அத்தியாயத்தின் இறுதியில் எஞ்சிய ஒரே தடயத்தைப் புகைபிடிக்கும் மனிதன் எனப்படும் பாத்திரம் பென்டகனின் கிடங்கு ஒன்றில் கொண்டுபோய் வைக்கிறது. சான்று தற்செயலாக மறைவதில்லை, மறைக்கப்படுகிறது என்னும் இவ்வமைப்பால் முன்னோடித் தொடரின் வழு இத்தொடரில் கதைப்பொருளாக உயர்ந்தது.

ஆயினும் இருவகை அத்தியாயங்களும் ஒரே பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டமையால் புதிய வழு தோன்றியது. தனிக்கதைக்கு ஸ்கல்லி ஐயுறுபவராகவே இருத்தல் வேண்டும். தொடர்கதையிலோ அவர் கண்டவை பல. இத்தனை கண்டபின்னும் அவர் எவ்வாறு ஐயுறுகிறார் என்பது ரசிகர்கள் எழுப்பிய வினாக்களுள் நெடுங்காலம் நிலைத்த ஒன்று. எட்டாம் பருவத்தில் ஜான் டாகெட் என்னும் புதிய ஐயுறுநரைக் கொண்டுவந்து, ஸ்கல்லியை நம்புபவரின் இடத்தில் அமர்த்திய பின்னரே அவ்வினா ஓய்ந்தது.

ஆக்க முறையும் வழுக்களுக்கு வழிவகுத்தது. முதல் நான்கு பருவங்கள் ஒவ்வொன்றிலும் 24 அல்லது 25 அத்தியாயங்கள் இருந்தன. எழுத்தாளர் பலர், அவரவர்க்கு நோக்கும் நடையும் வேறு. ஐந்தாம் பருவம் வரை படப்பிடிப்புக் கனடாவின் வான்கூவரில் நிகழ்ந்தது. பசுமையும் மழையும் மிக்க அந்நகரமே அமெரிக்காவின் எல்லா மாநிலங்களாகவும் நடித்தது. நியூ மெக்சிகோவின் செந்நிறப் பாலையைக் காட்ட, கல் வெட்டும் குழி ஒன்றுக்குச் செவ்வண்ணம் பூச வேண்டியிருந்தது. எழுத்து, நடிகர், நிலம், காலம் ஆகிய ஒவ்வொன்றும் கதையின் ஒருமைக்கு ஊறு விளைவிக்க வாய்ப்பிருந்தது.

4. ஒப்பிட்டு நோக்கும் ரசிகர்

வழு காண்பதற்குக் கதையை மீண்டும் பார்க்கும் வசதி வேண்டும். வீட்டு ஒளிநாடாப் பதிவுக்கருவி அதனைத் தந்தது. ‘ட்வின் பீக்ஸ்’ (1990–91) தொடரின் ரசிகர்கள் ஒளிநாடாவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தடயம் தேடியதையும், கண்டவற்றைக் கணினி வலையமைப்பில் பகிர்ந்ததையும் ஹென்றி ஜென்கின்ஸ் ஆராய்ந்துள்ளார். கனவையும் உள்ளுணர்வையும் துப்பாகக் கொள்ளும் எஃப்.பி.ஐ. முகவரின் கதையான அத்தொடரில், புரியாத ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயக்குநர் டேவிட் லிஞ்சின் திட்டம் உண்டு என்னும் நம்பிக்கை ரசிகர்களிடம் வலுவாக இருந்தது.

‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ ரசிகர்கள் அக்கருவிகளையும் அந்நம்பிக்கையையும் பெற்றுக்கொண்டனர். தொடரின் வெளியீட்டு முறையும் அவர்களுக்கு உதவிற்று. காட்சியின் தொடக்கத்தில் இடமும் நாளும் தட்டச்சு எழுத்துகளாய்த் திரையில் தோன்றும். அவற்றை வரிசைப்படுத்திக் காலநிரல் அமைக்கலாம். அவ்வாறு அமைத்தபோது முரண்கள் தாமே வெளிப்பட்டன.

வழு காண்டலை நூல்வகையாக நிலைநிறுத்தியவர் ஃபில் ஃபாரண்ட். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் பற்றி 1993இல் வெளிவந்த அவரது கையேடு, வழுக்களைக் கதைப்பின்னல் கவனக்குறைவு, மாறிய அடிப்படை, கருவிக் கோளாறு, தொடர்ச்சி மற்றும் ஆக்கச் சிக்கல் என வகைப்படுத்தியது. 1997இல் அவர் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடருக்கும் அத்தகைய கையேட்டை வெளியிட்டார். தொடரை வெறுப்போர்க்கு இந்நூல்கள் எழுதப்படவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் பன்முறை பார்த்தவரே வழு காண இயலும். பன்முறை பார்ப்பவர் ரசிகரே.

இவ்வுழைப்பை ஆக்கியோர் அறிந்திருந்தனர். இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயமான ‘லிட்டில் கிரீன் மென்’ (1994 செப்டம்பர் 16) கதையில் ஸ்கல்லி ஒரு விமானப் பயணியர் பட்டியலைப் பார்க்கிறார். அப்பட்டியலில் இருந்தவை தொடரைப் பற்றிக் கணினிவழி எழுதிவந்த ரசிகர்களின் பெயர்கள். படத்தை நிறுத்திப் பார்க்கும் பார்வையாளர் உண்டு என்பதை அறிந்து செய்யப்பட்ட செயல் அது.

5. சமந்தா: ஒரு சிறுமி, பல சாட்சியங்கள்

மல்டரின் தேடலுக்குத் தோற்றுவாய் அவர் தங்கை சமந்தாவின் மறைவு. 1973 நவம்பர் 27 அன்று அது நிகழ்ந்தது எனத் தொடர் கூறுகிறது. தமக்குப் பன்னிரண்டு வயதும் தங்கைக்கு எட்டு வயதும் இருந்தபோது, ஓரிரவில் அவள் படுக்கையிலிருந்து மறைந்துபோனாள் என்று முதல் அத்தியாயத்தில் மல்டர் ஸ்கல்லியிடம் சொல்கிறார். ஓராண்டு கழித்து ஒளிபரப்பான ‘லிட்டில் கிரீன் மென்’ அந்நிகழ்வைக் காட்சியாகவே காட்டியது. அதில் சிறுவர் இருவரும் கூடத்தில் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கின்றனர்; ஒளி பரவுகிறது; சமந்தா கூடத்திலிருந்தே கொண்டுசெல்லப்படுகிறாள்.

ஆவணங்களும் ஒத்துப்போகவில்லை. ‘காண்ட்யூயிட்’ (1993) அத்தியாயத்தில் தோன்றும் கோப்பில் அவள் நடுப்பெயரின் முதலெழுத்து ‘டி’. பிறந்த நாள் 1964 சனவரி 22. ‘பேப்பர் கிளிப்’ (1995) அத்தியாயத்தின் கோப்பில் நடுப்பெயர் ‘ஆன்’. பிறந்த நாள் 1965 நவம்பர் 21. முதல் நாளின்படி மறைந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, இரண்டாவதன்படி எட்டு. நன்னூல் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாகக் கூறும் ‘மாறுகொளக் கூறல்’ என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதற்கு ஆக்கவுலக விளக்கம் எளிது: முதல் அத்தியாயம் எழுதப்பட்டபோது பின்வரும் காட்சி எண்ணப்படவில்லை, கோப்பினை ஆயத்தம் செய்தோர் முந்தைய கோப்பைப் பார்க்கவில்லை. ரசிகர்கள் கண்ட கதையுலக விளக்கம் இதனினும் ஆழமானது. மல்டரின் நினைவு அறிதுயில் வழி மீட்கப்பட்டது என ‘காண்ட்யூயிட்’ கூறுகிறது. அத்தகைய நினைவு உறுதியானதன்று. எனவே முரண் எழுத்தாளருடையதன்று, மல்டருடையது என அவர்கள் கொண்டனர். கோப்புகளின் வேறுபாட்டையும் அரசின் திட்டமிட்ட திரிபு எனக் கொள்ள இடமிருந்தது.

தொடரும் இவ்வழியே சென்றது. ‘பேப்பர் ஹார்ட்ஸ்’ (1996 டிசம்பர் 15) கதையில் சிறுமியரைக் கொன்ற ஒருவன், சமந்தாவைக் கொண்டுசென்றவன் தானே என்கிறான். மல்டரின் கனவில் 1973ஆம் ஆண்டு இரவு வேறு வடிவில் விரிகிறது. வின்ஸ் கில்லிகன் எழுதிய இவ்வத்தியாயத்தின் ஆற்றல் முழுவதும் முதல் நினைவு ஐயத்துக்குரியது என்பதில் அடங்கியுள்ளது. ரசிகர்கள் வழுவெனச் சுட்டியதே இங்குக் கதையின் கருவாகிறது.

எனினும் எத்தனை சாட்சியங்களைக் கதை தாங்கும் என்னும் வினா எஞ்சியது. ‘காலனி’, ‘எண்ட் கேம்’ (1995) அத்தியாயங்களில் சமந்தா என வந்தவள் படியெடுக்கப்பட்ட உரு. ‘ஹெரன்வோக்’ (1996) கதையில் அவளைப் போன்ற சிறுமியர் பலர். ‘ரிடக்ஸ் 2’ (1997) கதையில் புகைபிடிக்கும் மனிதன் மற்றொருத்தியை அழைத்து வருகிறான். இறுதியில் ‘க்ளோஷர்’ (2000 பிப்ரவரி 13) கதை, சமந்தா ஒரு விமானப்படைத் தளத்தில் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டாள் என்றும், 1979இல் தப்பியோடிய அவளைத் துன்புறும் சிறுவரைக் காக்கும் ஒளியுருக்கள் எடுத்துக்கொண்டன என்றும் கூறி முடித்தது.

இம்முடிவு ரசிகர்களைப் பிரித்தது. தங்கையின் ஆவியை மல்டர் தழுவும் காட்சி துயருக்கு ஓய்வளித்தது என ஏற்றோர் உண்டு. ஏழு ஆண்டுகளாகப் பொருந்தாத் துண்டுகளைப் பொருத்திவந்தோர், அதுவரை தொடரில் இடம்பெறாத ஓர் ஆற்றலைக் கொண்டு புதிர் விடுவிக்கப்பட்டதைக் குறையாகக் கண்டனர். நாக்ஸ் தடுத்த செயல் இங்கே நிகழ்ந்தது. வேற்றுக்கோள் உயிர் என்னும் இயல்புகடந்த அடிப்படையை ஏற்ற ரசிகர்களே, இரண்டாவதாக வந்த இயல்புகடந்த விளக்கத்தை ஏற்கத் தயங்கினர் என்பது அவர்களின் அளவுகோலைத் தெளிவாகக் காட்டுகிறது.

6. தேவையில் பிறந்த கதையும் திரையில் நுழைந்த வினாவும்

ஆக்கவுலக நெருக்கடிகள் எல்லாம் வழுவில் முடிவதில்லை. ஆண்டர்சன் கருவுற்றிருந்தமையால் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் அவர் பங்கைக் குறைக்க வேண்டியிருந்தது. ‘டுவேன் பேரி’, ‘அசென்ஷன்’ (1994 அக்டோபர்) அத்தியாயங்களில் ஸ்கல்லி கடத்தப்பட்டார். அடுத்த அத்தியாயத்தில் அவர் இல்லை. ‘ஒன் பிரெத்’ (1994 நவம்பர் 11) கதையில் நினைவிழந்த நிலையில் மீண்டார். கால நெருக்கடிக்குக் கண்ட இத்தீர்வே பின்னர் அவர் கழுத்தில் கண்ட உலோகத் துணுக்கு, புற்றுநோய், மகப்பேறின்மை ஆகிய கிளைகளுக்கு வேராயிற்று. அந்நோயின் முதற்குறிப்பு வெளிப்பட்ட ‘லெனர்ட் பெட்ஸ்’ (1997 சனவரி 26) கதையை ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் பார்த்தனர். பின் வந்தவை முன் நிகழ்ந்ததற்குப் பொருந்தியமையால் தொடக்கத்தின் தற்செயல் மறைந்தது.

இதற்கு மறுதலையானது 1998ஆம் ஆண்டுத் திரைப்படம் விட்டுச்சென்ற இடைவெளி. கடத்தப்பட்ட ஸ்கல்லியை மீட்க மல்டர் அண்டார்க்டிக்கா செல்கிறார். அவரது பனி ஊர்தியில் எரிபொருள் தீர்கிறது. பனிக்கடியிலிருந்து பெருங்கலம் எழுந்து மறைய, இருவரும் வெறும் பனிவெளியில் தனித்து விடப்படுகின்றனர். அதன் பின்னர் அவர்கள் தாயகத்தில் இருக்கின்றனர். இடையில் எவ்வாறு மீண்டனர் என்பது கூறப்படவில்லை. இது ‘குன்றக் கூறல்’ என்னும் குற்றத்தின்பாற்படும். ரசிகர்கள் இதனை நெடுநாள் நகைச்சுவையோடு சுட்டிவந்தனர்.

ஃபிராங்க் ஸ்பாட்னிட்ஸ் எழுதி இயக்கிய ‘அலோன்’ (2001 மே 6) அவ்வினாவைத் திரைக்குள் கொண்டுவந்தது. மல்டர், ஸ்கல்லி இருவரின் வழக்குகள் அனைத்தையும் நுணுகி அறிந்த இளம் முகவர் ஒருத்தி அதில் தோன்றுகிறாள். புற்றுநோயால் மறைந்த ரசிகை ஒருவரின் பெயர் அப்பாத்திரத்துக்கு இடப்பட்டது. கதையின் முடிவில் அவள், எரிபொருள் தீர்ந்த ஊர்தியோடு அண்டார்க்டிக்காவிலிருந்து எவ்வாறு திரும்பினீர்கள் என்று இருவரையும் கேட்கிறாள். விடை வருவதில்லை. அங்கே கண்டது வேற்றுக்கோள் கலமா என்பதைப் பற்றி இருவரும் பழையபடி வாதிடத் தொடங்குகின்றனர், காட்சி முடிகிறது.

இக்காட்சி வழுவை நீக்கவில்லை. வழு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. அதனைக் கண்டவரைப் பெருமைப்படுத்தியது. விடைக்கு ஈடாக, ரசிகர்கள் எதற்காகத் தொடரைப் பார்த்தனரோ அந்த வாதத்தையே தந்தது. டேரின் மார்கன் எழுதிய ‘ஹோசே சங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ (1996), கில்லிகன் எழுதிய ‘பேட் ப்ளட்’ (1998) ஆகியனவும் ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு கூறும் அமைப்பைக் கொண்டவை. முரண் வெளிப்படையாக அறிவிக்கப்படும்போது அது வழுவாகாது என்பதை இவை உணர்த்துகின்றன.

7. பின்னோக்கித் திருத்தலும் அதன் எல்லையும்

முன் நிகழ்ந்ததாகக் காட்டப்பட்டதன் பொருளைப் பின்வரும் கதை மாற்றுவது பின்னோக்கித் திருத்தல் ஆகும். டுகோவ்னி முழுநேர நடிகராக நீடிக்காத எட்டாம் பருவத்தில் இது பெருமளவில் கையாளப்பட்டது. ‘விதின்’ (2000 நவம்பர் 5) அத்தியாயம், மறைந்துபோன மல்டர் அதற்கு முந்தைய ஆண்டு முழுதும் தீராத மூளைநோயால் சாகும் நிலையில் இருந்தார் என்றும், அதனை ஸ்கல்லியிடமும் மறைத்தார் என்றும் கூறியது. ஏழாம் பருவத்தின் அத்தியாயங்கள் இதற்கு இடந்தரவில்லை. அப்பருவத்தின் இறுதியை ஒட்டிய ‘ஜெ சுவெத்’ (2000 மே 14) கதையில் வரமளிக்கும் ஒருத்தியிடம் மல்டருக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. உலக அமைதியை வேண்டுகிறார். அதன் விளைவு கண்டு அதனை நீக்க வேண்டுகிறார். மூன்றாவதை வரமளித்தவளின் நலனுக்கே தருகிறார். சாவை எதிர்நோக்கியவர் தம் நோய் தீர்தலை எண்ணவும் இல்லை. நோய் பற்றிய செய்தி அவ்வத்தியாயத்துக்குப் பின்னரே புனையப்பட்டது என்பதை இம்மௌனம் காட்டிவிடுகிறது.

2016, 2018ஆம் ஆண்டுகளின் மீள்வருகை இம்முறையை மேலும் விரித்தது. 2002இல் ஏவுகணைத் தீயில் எலும்புருவாய் அழிவதாகக் காட்டப்பட்ட புகைபிடிக்கும் மனிதன் 2016இல் உயிரோடு வந்தான். ‘மை ஸ்ட்ரகிள் 2’ (2016 பிப்ரவரி 22) உலகளாவிய கொள்ளைநோயோடும் வானில் தோன்றிய கலத்தோடும் நின்றது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தோர்க்கு ‘மை ஸ்ட்ரகிள் 3’ (2018 சனவரி 3), அவை அனைத்தும் ஸ்கல்லி கண்ட காட்சி மயக்கம் என விடையளித்தது.

அதே அத்தியாயம் வேறொரு பழைய இடைவெளியையும் நிரப்பிற்று. புகைபிடிக்கும் மனிதனாக நடித்த வில்லியம் டேவிஸ் தாமே எழுதிய ‘என் அமா’ (2000 மார்ச் 19) கதையில், அவனோடு பயணம் செல்லும் ஸ்கல்லி ஒரு காலையில் வேறு உடையில் கண்விழிக்கிறார். இடையில் நிகழ்ந்ததை அவர் அறியார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், அவ்விரவில் ஸ்கல்லி அறியாமலே வேற்றுக்கோள் அறிவியலைக் கொண்டு அவரைக் கருவுறச் செய்தவன் தானே என அவன் கூறுவதாகக் கதை அமைந்தது. அவர் மகன் வில்லியமின் பிறப்பைப் பற்றிய நெடுநாள் வினாவுக்கு இது விடையாக முன்வைக்கப்பட்டது.

தருக்க நோக்கில் இவ்விடை முழுமையாகப் பொருந்தாமற் போகவில்லை. இடைவெளி முன்பே இருந்தது. அதில் நிரப்பத்தக்க நிகழ்வே நிரப்பப்பட்டது. ஆயினும் ரசிகர்கள், குறிப்பாகப் பெண் ரசிகர்கள், வன்மையாக எதிர்த்தனர். ஒரு பெண்ணின் இசைவின்றி அவள் உடல்மேல் நிகழ்த்தப்பட்ட வன்முறை கதை முடிச்சை அவிழ்க்கும் கருவியாக்கப்பட்டது என்பதும், அவ்வன்முறையின் துயரைக் கதை ஸ்கல்லியின் பக்கம் நின்று எண்ணவில்லை என்பதும் அவர்கள் எழுப்பிய குறைகள். கடத்தல், நோய், மகப்பேறின்மை என அப்பாத்திரத்தின் உடல் மீண்டும் மீண்டும் கதைக்களமானதை அவர்கள் நினைவூட்டினர். 2017இல் புதிய பருவத்தின் எழுத்தாளர் குழுவில் பெண்கள் இல்லை என்னும் செய்தி வந்தபோது, அதுவரையான அத்தியாயங்களுள் பெண்கள் இயக்கியவை 2 மட்டுமே என ஆண்டர்சன் வெளிப்படையாகச் சுட்டியிருந்தார். அதன்பின் அப்பருவத்தில் பெண் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் இடம்பெற்றனர். எனினும் தொன்மக் கதையின் போக்கு மாறவில்லை.

இங்கு வழுவமைதியே வழுவாயிற்று. அதனைக் கண்டறியக் காலநிரலும் கோப்பு ஒப்பீடும் போதா. ஒரு பாத்திரத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக அறிந்தவர் அப்பாத்திரத்துக்கு இழைக்கப்பட்ட தீங்கை உணரும் திறன் வேண்டும். நுணுக்கப் பிழை தேடலாகத் தொடங்கிய ரசிகர் திறனாய்வு, அறம் சார்ந்த திறனாய்வாக விரிந்த இடம் இது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இயல்புகடந்த துப்பறியும் கதையிலும் கதைப்பின்னல் வழு உண்டு. உலகியலோடு முரண்படுவதால் அது தோன்றுவதில்லை. கதை தானே அளித்த சொல்லோடு முரண்படுவதால் தோன்றுகிறது. வேற்றுக்கோள் உயிரை ஏற்ற ரசிகர்கள், ஒரு சிறுமியின் பிறந்த நாள் இருவேறாக இருந்ததை ஏற்கவில்லை.

இரண்டாவது, ரசிகர்களின் வழு காணலும் வழுவமைதி காணலும் ஒரே ஈடுபாட்டின் இரு செயல்கள். நினைவு உறுதியற்றது என அவர்கள் கூறிய அமைதியைத் தொடர் தன் சிறந்த கதைகளுள் ஒன்றுக்கு அடிப்படையாகக் கொண்டது. தொன்மக் கதை ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்னும் குற்றத்துக்கு ஆளான காலத்தும், அதன் முற்பகுதியின் ஒருமையைக் காத்து நின்றோர் அவர்களே.

மூன்றாவது, இடைவெளியை நிரப்புவது தன்னளவில் சிறப்பாகாது. எதைக் கொண்டு நிரப்புவது என்பதே அதன் தகுதியை அறுதியிடுகிறது. அண்டார்க்டிக்காவிலிருந்து இருவரும் எவ்வாறு மீண்டனர் என்பதற்கு 218 அத்தியாயங்களும் இரு திரைப்படங்களும் விடை கூறவில்லை. அதனை ரசிகர்கள் சிரித்துப் பொறுத்தனர். வில்லியமின் பிறப்புக்கு 2018இல் விடை கூறப்பட்டது. அதனை அவர்கள் பொறுக்கவில்லை.